நவுந்து குந்து

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற பஸ்ஸில், ஜன்னலோரம் நானும் எனக்குப் பக்கத்து சீட்டில் ஒரு சிபியூவும் போய்க்கொண்டிருந்தோம். சிபியூ மாமல்லபுரத்தில் கல் சிலை விற்கும் ஒரு கடைக்காரருடையது. ரிப்பேர் முடிந்து திருப்பிக் கொடுக்கப் போகிறேன். மடியில் வைத்திருக்கலாம். ஆனால் பழைய காலத்து இரும்புப் பெட்டி, நல்ல கனம். பஸ்ஸும் காலியாகத்தான் கிளம்பியது. திருக்கழுக்குன்றத்தில் கூட்டம் மொத்தமாக ஏறியபோது நான் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தைப் பார்க்காமல் இருப்பதற்கு அந்த மலை மிகவும் வசதி.

"இது இன்னா, டிக்கெட் எடுத்துகிதா?"

திரும்பினேன். மீன் விற்று முடித்த காலி அன்னக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவளாக இருக்கும். சேலை முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். பார்வை என் மேல் இல்லை, சிபியூ மேல்.

"கம்ப்யூட்டர்க்கா. அடிபடக் கூடாது."

"நானுந்தான் அடிபடக் கூடாது. நவுந்து குந்து."

கண்டக்டர் தன் தனி சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார். "கூடக்காரம்மா, பின்னால போ. அங்க எடம் இல்ல."

"எடம் இல்லன்னு சொல்றவன் எவனாவது நின்னுகினு சொல்றானா பாரு. எல்லாம் குந்திகினுதான் சொல்லுவான்."

பஸ் முழுக்கக் கேட்டது. ஆனால் அதில் சண்டை இல்லை. வெயில் அதிகம் என்று சொல்வதுபோலச் சொன்னாள். சொல்லிக்கொண்டே இடுப்பால் ஒரு தள்ளு. சிபியூ என் மடிக்கு வந்தது, கூடை என் கால் மேல் வந்தது, அவள் உட்கார்ந்தாள். எனக்குக் கோபம்தான். ஆனால் டிக்கெட் எடுக்காத பெட்டிக்காக எவ்வளவு நேரம் வாதாட முடியும்? மாமல்லபுரம் வந்து சேர்வதற்குள் என் தொழில், செங்கல்பட்டில் என் கடை இருக்கும் சந்து, போன் நம்பர் எல்லாம் அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. பேரை மட்டும் கேட்கவில்லை. கடைசிவரை அவளுக்கு நான் 'கம்ப்யூட்டரு'. பதிலுக்கு நானும் அவள் பேரை இங்கே சொல்லப்போவதில்லை. அக்கா என்றால் போதும். அந்தக் கரையில் போய்க் கேட்டால், எந்த அக்கா என்று யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

திருவிடந்தைக்குத் தெற்கே, ஈசிஆரிலிருந்து கடல் பக்கம் இறங்கும் குப்பங்களில் ஒன்று அவளுடையது. வீட்டுக்காரர் படகுக்குப் போகிறவர், பேச்சே இல்லாத மனிதர். அவள் வாசலில் காலை வைத்தால் பாயில் ஓரமாக நகர்வார். சாப்பிடும்போது தட்டோடு நகர்வார். பாதி வாழ்நாளை நகர்ந்தே கழித்தவர் என்று நான் கிண்டல் செய்வதுண்டு.

"மணவறையில இவ மொத மொத எங்கிட்ட பேசுன வார்த்தையே அதான் தம்பி," என்று ஒருநாள் சொன்னார். "நவுந்து குந்துன்னா. மால போட்டுகினு அம்பது பேரு பாக்கறாங்க. நா நவுந்துட்டேன்." அதைச் சொல்லும்போது அந்த மனிதர் முகத்தில் இருந்தது வருத்தம் இல்லை, பெருமை.

அக்கா வருவதைப் பார்த்தாலே இடம் உண்டாகும். கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ் வந்து நிற்கும் இடத்தில் சாயங்காலம் பூக்காரி, பழக்காரர், பஜ்ஜி வண்டி என்று வரிசை நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அதில் ஒரு கூடை வைக்க இடம் கிடையாது என்று நான் சத்தியம் செய்வேன். அக்கா வந்து நின்று வரிசையை ஒரு பார்வை பார்ப்பாள். பூக்காரி தானாகக் கூடையை இழுத்துக்கொள்வாள். அடுத்த நிமிடம் வஞ்சிரத்துக்கு விலை சொல்லிக்கொண்டிருப்பாள் அக்கா.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். எல்லா நேரமும் நன்றாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாரச் சந்தையில் ஒரு கிழவர் சாக்கை விரித்துக் கீரை விற்பார். ஒருநாள் அக்கா தன் கூடையோடு அவர் சாக்கின் மேலேயே இடம் பிடித்துவிட்டாள். மீன் தண்ணீர் வழிந்து கீரைக் கட்டுகள் நனைந்தன. ஒருவரும் அவரிடம் வாங்கவில்லை. கிழவர் கட்டுகளைத் துடைத்துத் துடைத்து அடுக்கினார். நான் அக்காவிடம் போனேன்.

"அவரு உன்னவிட எளைச்ச மனுசன்க்கா," என்றேன்.

"எளைச்சவனா? ரெண்டு ஆளு குந்தற எடத்துக்கு சாக்க விரிச்சி வெச்சிகினு கீறான்."

"இருந்தாலும்..."

"இருந்தாலும் இன்னா? போயி உன் வேலயப் பாரு கம்ப்யூட்டரு."

அடுத்த வாரம் கூடையைத் தள்ளித்தான் வைத்தாள். ஆனால் மன்னிப்பு என்கிற மாதிரி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. அன்றைக்கு அவள் செய்தது தப்பு. அக்கா போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது, இப்போதும் அது தப்பு என்றுதான் சொல்வேன். அவள் இருந்து இதைக் கேட்டால் என்னோடு சண்டைக்கு வருவாள், வந்தால் நன்றாக இருக்கும்.

இனி கம்ப்யூட்டர் கதைக்கு வருகிறேன்.

எங்கள் தொழிலில் ஒரே மருந்துதான். மெதுவாக ஓடுகிறதா, பார்மேட். வைரஸா, பார்மேட். இடம் போதவில்லையா, பார்மேட். உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தால் எந்தப் பெட்டியும் சொன்னபடி கேட்கும். வாடிக்கையாளர் தலையைச் சொறிந்துகொண்டு "சரி, போட்டோ மட்டும் காப்பி எடுத்துடுங்க" என்பார். பதினைந்து வருடமாக இப்படித்தான் பிழைக்கிறேன். அக்கா என் கடைக்கு வந்து சொன்ன வேலைக்கும் அதையேதான் செய்யப் பார்த்தேன்.

அவள் சொன்ன கதை இது. குப்பத்துக்குப் பக்கத்தில் மணல்மேடாக ஒரு திறந்த இடம். பெண்கள் கருவாடு காயவைக்கும் களம். அவள் மாமியார் காலத்திலிருந்தே அங்கேதான் காய்கிறது. அதை ஒட்டி ஒரு விருந்தினர் விடுதி வந்தது. வந்தவர்களுக்குக் கருவாட்டு வாசம் ஆகவில்லை. ஒருநாள் களத்தின் ஓரத்தில் சிமெண்ட் தூண்கள் நட்டார்கள். கேட்டதற்கு, இது காலி இடம், பல வருடமாக யாரும் புழங்கவில்லை என்றார் மேனேஜர். ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் போனால் அவர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள். விடுதிக்காரர் கோயிலுக்கு அலங்கார வளைவு கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். "கொஞ்ச நாளைக்கு வேற எங்கனா காயப் போடுங்க" என்று சொல்லிவிட்டார் தலைவர்.

அந்தக் குப்பங்களின் ஊர்க் கூட்டத்தில் பெண்களுக்கு உட்காரும் வழக்கம் கிடையாது. ஆண்கள் பெஞ்சில். பெண்கள் வந்தால் வாசற்படிக்கு வெளியே நின்று கேட்க வேண்டும், கேட்டால் மட்டும் பேச வேண்டும். அக்கா அங்கே நின்றுகொண்டு என்ன சொன்னாலும் அது காற்றில் போயிற்று.

ஆகவே பெண்கள் ஒரு வேலை செய்தார்கள். தினமும் கருவாடு காயப்போடும்போது செல்போனில் வீடியோ எடுத்தார்கள். களம் காலியில்லை என்று காட்ட அதைவிட என்ன வேண்டும்? ஆனால் எல்லாம் சின்ன போன்கள், மாதத்துக்குள் நிரம்பிவிட்டன. ஊர் சமுதாயக் கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்தது. அதில் ஏற்றி வைக்கலாம் என்று பார்த்தால் இடம் இல்லை என்று வந்தது.

"ஒரு பென் டிரைவ் வாங்கிக்கோயேன்க்கா. எங்கிட்டயே கீது, தரேன்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எம் பையில இருந்தா அது எம் பேச்சு. ஊர்ப் பொட்டியில இருந்தாத்தான் அது ஊரோடது. எங்க எடம் அதுல கீதுல்ல, நா இன்னாத்துக்கு வெளிய போவணும்?"

பையை எடுத்துக்கொண்டேன். அவள் குப்பத்துக்குக் கிளம்பிப் போனேன்.

அது ஒரு புதன்கிழமை. புதன் மதியம் கூடத்துச் சாவி மகளிர் குழுவிடம் இருக்கும். டப்பா மானிட்டர், உப்புக்காற்றில் துருப்பிடித்த சிபியூ, செத்துப்போன யுபிஎஸ். போட்டுப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்கை மூன்று துண்டாகப் பிரித்திருந்தார்கள். சி, மிஷினுக்கு. டி, அதற்குப் பெயர் 'கிராமம்'. இ, அதற்குப் பெயர் 'மகளிர்'. தமிழில் அழகாகப் பெயர் வைத்ததோடு கொடுத்தவர்களின் பெருந்தன்மை தீர்ந்துவிட்டது. டி ஒரு போர்வை என்றால் இ ஒரு கைக்குட்டை.

"தலைவரக் கேட்டியாக்கா? டி-ல கொஞ்சம் வெச்சிக்கறோம்னு?"

"கேட்டேன். டி நெறஞ்சி வழியுதுன்னாரு."

திறந்து பார்த்தேன். திருவிழா வீடியோக்கள், தலைவரின் மகள் கல்யாணம், இன்னும் நாலைந்து கல்யாணங்கள், மீதி சினிமா. எல்லாம் சேர்ந்தும் பாதிகூட இல்லை. திரையில் அதைப் பட்டையாகக் காட்டினேன். நீலம் ஆட்கள் இருக்கும் இடம், வெள்ளை காலி.

அக்கா விரலை வெள்ளையின் மேல் வைத்தாள். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. "குந்திகினு கீறவனுக்கு எப்பவும் நெறஞ்சிதான் கீது. சரி, இத்த எங்க பக்கம் சேத்துடு."

"பார்மேட் பண்ணிட்டு மொதல்ல இருந்து பிரிச்சிடலாம்க்கா. அர மணி நேரம்."

"பண்ணா?"

"உள்ள இருக்கறது போயிடும்."

"அவங்களுதும்?"

"எல்லாந்தான்."

"வேணாம். அவங்க கல்யாணத்த அழிச்சிட்டு நா இன்னாத்துக்கு எடம் புடிக்கணும்? யாருதும் போவக் கூடாது. அவங்கள நவுந்து குந்தச் சொல்லு."

டிரைவை நகர்ந்து உட்காரச் சொல்ல முடியுமா? முடியும், ஆனால் அது பிடுங்கல் பிடித்த வேலை. அவளுக்குப் புரியும்படி சொல்லிப் பார்த்தேன். கரையில் படகுகள் வரிசையாக நிற்கின்றன. உன் படகு தெற்குக் கோடி. காலி இடம் வடக்கே, நாலு படகு தாண்டி. அது உனக்கு வேண்டும் என்றால்...

"நடுவுல கீற படகெல்லாம் தள்ளி நிறுத்தணும்," என்று முடித்தாள்.

"ஆமா. ஒவ்வொண்ணா தூக்கி வைக்கணும். பாதி தூக்கும்போது அலை வந்துட்டா படகே போயிடும்."

"அலன்னா?"

"கரண்ட்டுக்கா. நடுவுல கரண்ட்டு போனா டி-யும் இல்ல, இ-யும் இல்ல. மூணு நாலு மணி நேரம் ஆவும். உங்க ஊர்ல ஒரு மணி நேரம் சேந்தாப்பல கரண்ட்டு நிக்குதா?"

அக்கா எழுந்து வாசலில் போய் நின்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அரை மணியில் அவர் இரண்டு படகு பேட்டரிகளைத் தலையில் ஒன்றும் தோளில் ஒன்றுமாகக் கொண்டுவந்து இறக்கினார். திருவிழாவுக்கு சீரியல் லைட் போடுகிறவர் வீட்டிலிருந்து ஒரு இன்வெர்ட்டர் வந்தது. அவர் அதை எதற்குக் கேட்கிறார்கள் என்று கேட்டாரா என்று தெரியவில்லை. அக்கா கேட்டால் பொதுவாக யாரும் எதற்கு என்று கேட்பதில்லை.

வேலையை ஆரம்பித்தேன். டி-க்கும் இ-க்கும் நடுவில் பெயரே இல்லாத ஒரு சின்னத் துண்டு கிடந்தது.

"இது இன்னா?"

"தெரியல. கொடுத்தவங்க ஏதோ போட்டு வெச்சிருக்காங்க. உள்ள ஒண்ணும் இல்ல. யாருதும் இல்ல."

"அப்ப நம்புளுது."

அதை அழித்து இ-யோடு சேர்த்தேன். அடுத்து டி-யைச் சுருக்கும் வேலை. அதன் பின்பக்கத்தில் கிடந்த கல்யாணங்களும் திருவிழாக்களும் ஒவ்வொன்றாக முன்னால் நகர வேண்டும். திரையில் ஒரு கோடு எறும்பு மாதிரி ஊர ஆரம்பித்தது. வெளியே பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்து உட்கார்ந்து நெத்திலி ஆய ஆரம்பித்தார்கள். 

கோடு கால்வாசி வந்திருக்கும். ஃபேன் நின்றது. கரண்ட் போய்விட்டது. நான் திரையைப் பார்த்தேன். மானிட்டர் ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு மறுபடி எரிந்தது. இன்வெர்ட்டர் வண்டு மாதிரி ரீங்காரம் போட, கோடு தன் பாட்டுக்கு ஊர்ந்தது. எந்தச் சாமியையும் கூப்பிட்டுப் பழக்கமில்லாத நான் அன்றைக்கு படகு பேட்டரியைக் கும்பிட்டேன்.

ஆனால் அதுவே வினையாயிற்று. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லாதபோது கூடத்தில் மட்டும் கம்ப்யூட்டர் ஓடுகிறது என்றால் சேதி போகாமல் இருக்குமா? தலைவர் இரண்டு பேரோடு வந்துவிட்டார். தூக்கத்திலிருந்து எழுந்து வந்த முகம்.

"இன்னாமே நடக்குது இங்க? யாரு இவன்?"

"கம்ப்யூட்டரு," என்றாள் அக்கா. "எங்க எடத்தப் பெருசு பண்றோம்."

"யாரக் கேட்டு?"

"ஒன்னத்தான் கேட்டேன் அண்ணாத்த. எடம் இல்லன்ன. பாத்தா பாதி காலியா கீது."

தலைவர் அவளைத் தாண்டிப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார். "தம்பி, நிறுத்து அத்த."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை. "நிறுத்தலாம் தலைவரே. ஆனா இப்ப நகந்துகினு இருக்கறது உங்க டி டிரைவு. பாதியில நிறுத்துனா அதுல எதுவும் மிஞ்சாது."

"எதுவும்னா?"

"எதுவும்."

"எம் பொண்ணு கல்யாணம் அதுலதான் கீது."

"ஆமா."

"ஆடித் திருவிழா?"

"அதுவும்."

சட்டென்று அவர் அதிகாரம் முழுக்க இறங்கிவிட்டது. மெதுவாகக் குனிந்து திரையைப் பார்த்தார். நீலப் பட்டை முன்னைவிடக் குட்டையாக இருந்தது. அவர் முகத்தில் உண்மையான கவலை. "தம்பி, பட்ட சின்னதாயிகினே போவுதே. வீடியோவுல படமும் சின்னதாயிடுமா? ஜனங்க நசுங்கிடுவாங்களா?"

எனக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டு விளக்க வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"ஜனங்க நசுங்க மாட்டாங்க. நவுந்து குந்துவாங்க."

அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டருக்குத் தலைவரைப் போல ஒரு காவல் கிடைத்திருக்காது. வாசலில் குழந்தைகள் ஓடினால் அதட்டினார். பேட்டரி பக்கம் போன நாயைக் கல்லால் அடித்தார். கூட வந்த இருவரையும் மூன்றாவதாக ஒரு பேட்டரி கொண்டுவரச் சொல்லித் தன் படகுக்கே அனுப்பினார். பெஞ்சை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் சரியில்லை.

"அண்ணாத்த, ஒயரு மேல பெஞ்சு கால வெச்சிகினு கீற. நவுந்து குந்து."

தலைவர் நகர்ந்தார். வாசலில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் தலையைத் தூக்கவில்லை. ஆனால் எல்லாக் கைகளும் ஒரு நொடி நின்றன.

சாயங்காலம் வெயில் தாழ்வதற்குள் வேலை முடிந்தது. முதலில் கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்டச் சொன்னார் தலைவர். ஜனங்கள் யாரும் நசுங்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வரிசைத் தட்டோடு முழு அளவில் நடந்து வந்தார்கள். அவர் மூச்சு விட்டபோது மகளிர் என்ற டிரைவ் கிராமம் என்ற டிரைவுக்குச் சமமாக இருந்தது. அதை அவர் கவனித்தார். திரும்பச் சுருக்கு என்று சொல்ல இன்னொரு முறை அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், அதற்கு அவருக்குத் தெம்பு இல்லை என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு பெண்கள் விடாமல் ஏற்றினார்கள். நெத்திலி, காரப்பொடி, வாளை. மழை வந்த அன்று தார்ப்பாய் போட்டு மூட ஓடியது. காக்கா விரட்டியது. நட்ட தூண்களுக்கு நடுவிலும் காயப்போட்டது. செங்கல்பட்டில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாளில் அக்கா நாலு பெண்களோடு போய் மனு கொடுத்தாள். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறையும் போனாள். கடைசியில் வருவாய்த் துறையிலிருந்து ஒரு அதிகாரி நேரில் விசாரிக்க வருகிறார் என்று எனக்குப் போன் வந்தது. "கம்ப்யூட்டரு, காலைலயே வந்துடு. பொட்டிய நீதான் ஓட்டணும்."

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூண்களைப் பிடுங்கிவிட்டார்கள். களம் இருக்கிறது. போன மாதம்கூட ஈசிஆரில் போகும்போது இறங்கிப் பார்த்தேன், வாளை காய்கிறது, விடுதிக்காரர்கள் அந்தப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். வளைவு வரவில்லை. அதைப் பற்றிச் சாமி எதுவும் குறை சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது களம் இல்லை, பெஞ்சு.

கூடத்தில் அதிகாரி நாற்காலியில். சுவரோரம் நீளமான மரப் பெஞ்சு ஒன்று. அதில் தலைவரும் பஞ்சாயத்தார் ஐந்தாறு பேரும். விடுதி மேனேஜர் இன்னொரு நாற்காலியில். பெண்கள் எல்லாம் வழக்கப்படி வாசற்படிக்கு வெளியே. நான் கம்ப்யூட்டரில்.

"யாரும் புழங்காத இடம் சார்," என்றார் மேனேஜர்.

நான் மகளிர் என்ற டிரைவைத் திறந்தேன். ஒவ்வொன்றாகப் போட்டேன். அதிகாரி முதலில் சாய்ந்துகொண்டு பார்த்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். படத்தின் ஓரத்தில் விடுதிச் சுவர் தெரிந்தது. முதல் வீடியோக்களில் பாதித் தூண்கள். பின்னால் போகப் போக வரிசை நீண்டது. கருவாடு மட்டும் ஒரு நாளும் மாறாமல் காய்ந்துகொண்டிருந்தது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இதெல்லாம் யார் எடுத்தது?" என்று கேட்டார் அதிகாரி.

பெஞ்சில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "வெளிய நிக்கறாங்க சார்," என்றேன் நான்.

"உள்ள வரச் சொல்லுங்க."

அக்கா படி தாண்டி உள்ளே வந்தாள். அந்தக் கூடத்தில் கூட்டம் நடக்கும்போது ஒரு பெண் படி தாண்டியது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்கள். முந்தானையை எப்போதும்போல இழுத்துச் செருகியிருந்தாள்.

"உக்காந்து சொல்லும்மா," என்றார் அதிகாரி.

பெஞ்சின் கடைசியில் ஒரு பெரியவர், பஞ்சாயத்தில் மூத்தவர், கனைத்துக்கொண்டார். "எடம் இல்லீங்க சார். பழக்கமும் இல்ல. நின்னுகினே சொல்லட்டும்."

நான் மௌஸை விட்டுவிட்டேன். அந்த வாக்கியம் வரப்போகிறது என்று காத்திருந்தேன். வாசலில் நின்ற பெண்களும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பெரியவரைப் பார்க்கவுமில்லை. பெஞ்சின் நடுவில் இருந்த தலைவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

தலைவர் தரையைப் பார்த்தார். ஒயர் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவது போல இருந்தது. பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

அக்கா உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அதிகாரியிடம் பேச ஆரம்பிக்கவில்லை. வாசல் பக்கம் திரும்பினாள்.

"இன்னாடி பாத்துகினு நிக்கறீங்க? வாங்க, வந்து குந்துங்க."

முதலில் ஒருத்தி வந்தாள், அடுத்து மூன்று பேர், அப்புறம் எல்லோரும். இடுப்பால் ஒரு தள்ளு, இன்னொரு தள்ளு. தலைவர் நகர்ந்தார், அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் நகர்ந்தார், அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் நகர்ந்தார். நகர்ந்து நகர்ந்து பெஞ்சு முடிந்தது. கடைசியில் இருந்த அந்தப் பெரியவர் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. அக்கா அவர் பக்கம் திரும்பி, இடம் இல்லை என்று இப்போதும் சொல்வாரா என்று மரியாதையோடு காத்திருந்தாள்.

நின்றுகொண்டிருந்த அவர் எதுவும் சொல்லவில்லை.